மணிக்கட்டு எத்தனை மணிக்குப் போனது?

கலிஃபோர்னியாவில் வேலையில் அடிபட்டால் டிடபிள்யூசி-1 என்றொரு படிவம் நிரப்ப வேண்டும். காயம்பட்ட தேதி கேட்பார்கள். நேரமும் கேட்பார்கள், முற்பகலா பிற்பகலா என்று. ஏணியிலிருந்து விழுந்தவர் எழுதிவிடுவார். கிடங்கில் 15 வருஷம் பெட்டி தூக்கியே மணிக்கட்டு தேய்ந்துபோன அம்மா என்ன எழுதுவார்? ‘தினமும், சாப்பாட்டு வேளை நீங்கலாக’ என்றா?

சட்டத்தைத் திட்டிப் பயனில்லை. தொழிலாளர் சட்டத்தின் 5412-ஆம் பிரிவு நியாயமாகத்தான் பேசுகிறது. உடல் முடியாமல் போயிருக்க வேண்டும். அது வேலையால் வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது கவனமாக இருந்தால் தெரிந்திருக்கும் என்றாக வேண்டும். இரண்டும் கூடிய நாளே காயத் தேதி. டாக்டர் சொல்லாமல் தொழிலாளி தானே இதைக் கண்டுபிடித்திருப்பார் என்று சாதாரணமாக எதிர்பார்க்கக் கூடாதென்று 1985-இல் ஃப்ரெஸ்னோ நகர வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லியாயிற்று.

இன்ஷூரன்ஸ் வக்கீல்கள் விடுவார்களா? மனுப் போட ஒரு வருஷக் கெடு. கெடுவைத் தாண்டவைக்க வேண்டுமானால், “அப்போதே தைலம் தேய்த்தீர்களே, தெரியாமலா?” என்பார் ஒருவர். பொறுப்பு, பொதுவாக, கடைசி ஒரு வருஷத்துக்குரிய முதலாளியின் தலையில் விழும். அதனால் இன்னொரு கம்பெனி வக்கீல், “எங்கள் பாலிசி காலத்தில் கை நன்றாகத்தான் இருந்தது” என்பார். வைத்தியம் பார்த்தது மட்டுமே முடியாமை ஆகாது என்று தீர்ப்பு இருக்கிறது. அதை உருவிக்கொண்டு மூன்றாமவர் வருவார். ஒரு மணிக்கட்டுக்கு மூன்று பஞ்சாங்கம்! வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்து, சம்பளம் குறையாமல் உழைத்ததுதான் அந்த அம்மா செய்த குற்றம்.

இவ்வளவு தேதிப் பஞ்சம் உள்ள அதே கிடங்கில், அந்த அம்மா கையிலிருக்கும் ஸ்கேனருக்கு எல்லாம் தெரியும். எந்தப் பெட்டியை எத்தனை மணிக்குத் தொட்டார், இரண்டு பெட்டிக்கு நடுவே எவ்வளவு நேரம் சும்மா நின்றார், கழிப்பறையிலிருந்து எப்போது திரும்பினார், எல்லாமே அதில் பதிவு. வேகம் குறைந்தால் அன்றைக்கே எச்சரிக்கை வரும். கை போனது மட்டும் கம்பெனிக்குத் தெரியாது. அதைத் தொழிலாளிதான் தேதி போட்டு நிரூபிக்க வேண்டும்!

2022 முதல் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. வேலை இலக்கால் தன் ஓய்வோ பாதுகாப்போ கெட்டதென்று நினைக்கும் தொழிலாளி கேட்டால், பெரிய கிடங்குகள் அவரது கடைசி 90 நாள் வேகக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். 90 நாள் போதாது. 15 வருஷக் கணக்கையும் மேசைமேல் வையுங்கள். அப்புறம் கேளுங்கள், முற்பகலா பிற்பகலா என்று.