ஸ்போர்ட்ஸ் காரை அறுபதில் ஓட்டிப் பாருங்கள்

விலை குறைந்த ஸ்போர்ட்ஸ் காரை டெஸ்ட் டிரைவுக்கு எடுத்துப் போகிறவர்கள், காலிச் சாலை கண்ணில் பட்டதும் ஆக்சிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதிக்கிறார்கள். இதைவிட வீணான சோதனை உலகத்தில் இல்லை என்பது என் கட்சி. விலை குறைவு என்றால் எஞ்சின் சின்னது. எஞ்சின் சின்னது என்றால் வேகம் சுமார். இதைக் கண்டுபிடிக்கக் காரை ஓட்டிப் பார்க்க வேண்டாம், விலைப்பட்டியலே போதும். இந்த வகைக் கார்களின் மூதாதைகளில் ஒன்றான ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் 1958-ல் பிரிட்டனில் வெளிவந்தது. 948 சிசி எஞ்சின், 43 குதிரைத்திறன். மணிக்கு 60 மைலை எட்ட இருபது விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டது; அதற்குள் ஓட்டுகிறவர் வீட்டுக் கணக்கை மனசுக்குள் போட்டு முடித்துவிடலாம். கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது, உள்ளே கையை விட்டுத்தான் திறக்க வேண்டும். டிக்கி உண்டு, டிக்கிக்குக் கதவு இல்லை. சீட்டின் முதுகைச் சாய்த்து, தலையை உள்ளே நுழைத்து, பெட்டியைத் துழாவி எடுக்க வேண்டும். மடங்கி எழும் முகப்பு விளக்குகளை வைக்கத்தான் முதலில் நினைத்தார்கள். செலவைப் பார்த்து மனம் மாறி, இரண்டு விளக்குகளையும் பானெட் மேலேயே நட்டுவிட்டார்கள். அதனால் அதற்குத் தவளைக்கண் என்று பட்டப்பெயர் வந்தது. இத்தனை இல்லாமைகளோடு பிறந்த காரை இன்றைக்கும் தேடிப் பிடித்து, பாலிஷ் போட்டு வைத்துக்கொள்கிறார்கள் என்றால், அவர்கள் அதில் எதையோ கண்டிருக்க வேண்டும். நிச்சயமாக அது வேகம் இல்லை.

வேகம் ஒரு காலத்தில் அரிய சரக்கு. இப்போது அது மின்சாரக் கார்களின் புண்ணியத்தில் கொட்டிக் கிடக்கிறது. பிஒய்டி சீல் என்ற நான்கு கதவுக் கார், அதன் உச்ச வகையில், நூறு கிலோமீட்டர் வேகத்தை 3.8 விநாடியில் தொடுகிறது. ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் பெட்டி படுக்கையும் வைக்கலாம். உலகத்திலேயே அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரான மாஸ்டா எம்எக்ஸ்-5, அதன் 1.5 லிட்டர் வடிவத்தில், அதே வேகத்துக்கு எட்டு விநாடிக்கு மேல் கேட்கிறது. அதாவது சிக்னலில் பச்சை விழுந்தால், மாமியாரைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிற கார், கூரையைத் திறந்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பவரைப் பின்னால் விட்டுவிட்டுப் போய்விடும். மாமியார் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இதிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். ஸ்போர்ட்ஸ் கார் என்ற இனமே வழக்கொழிந்துவிட்டது என்பது ஒன்று. நாம் அதற்கு வைக்கும் தேர்வு தப்பு என்பது மற்றது. 2016-ல் மாஸ்டா பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5-ஐத் தயாரித்துவிட்டதால், நான் இரண்டாவது முடிவின் பக்கம்.

சரியான தேர்வை வைத்தவர் கெனிச்சி யமமோட்டோ. மாஸ்டாவின் சுழல் எஞ்சினை உருவாக்கிய பொறியாளர், பின்னாளில் அந்நிறுவனத்தின் தலைவர். பாப் ஹால் என்ற அமெரிக்கக் கார்ப் பத்திரிகையாளர் 1979-ல் அவரிடம், பழைய பிரிட்டிஷ் பாணியில் ஓர் எளிய திறந்த கார் செய்யுங்கள் என்று சொல்லிவைத்தார். வாய்ப்பேச்சு எடுபடவில்லை போலிருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஒன்றை யமமோட்டோ கையில் கொடுத்து, ஜப்பானின் ஹகோனே மலைச்சாலையில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். ஸ்பிட்ஃபயரும் நம் தவளைக்கண்ணின் ஜாதிதான். வேகத்துக்குப் பேர்போனது அல்ல, நம்பிக்கைக்கு அதைவிட அல்ல. ஆனால் மலை வளைவுகளில் ஒரு பயணம் முடிவதற்குள், வருஷக்கணக்கான வாதம் செய்யாததை அது செய்துவிட்டது. மாஸ்டாவில் வேலை ஆரம்பித்தது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் எம்எக்ஸ்-5 அறிமுகமானது. கார் வரலாற்றில் இதைவிடப் பலன் தந்த டெஸ்ட் டிரைவ் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்தப் பயணத்தில் நேர்க்கோட்டு வேகத்தை அவர் அளந்திருந்தால், கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

அளக்க வேண்டியது அறுபதுக்குக் கீழே இருக்கிறது. ஜப்பானில் வேகப்பலகை இல்லாத சாதாரணச் சாலைகளில் சட்டம் அனுமதிக்கும் உச்சமே மணிக்கு 60 கிலோமீட்டர்தான். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-ல் முதல் கியரை முள் சிவப்புக் கோட்டைத் தொடும்வரை இழுத்தால் ஐம்பத்தைந்தை ஒட்டி வரும். இரண்டாவதுக்கு மாற்றியதும் அறுபது. ஆக, எஞ்சினின் முழுக் குரலையும் கேட்டாயிற்று, கியரையும் ஆசைதீர மாற்றியாயிற்று, போலீஸ்காரருக்கும் வேலை இல்லை. ஐந்நூறு குதிரைத்திறன் காரில் அறுபதுக்குள் இருப்பவர், காசு கொடுத்து வாங்கியதில் பெரும்பகுதியைத் தொடாமலே வீடு திரும்புகிறார். மாஸ்டா பொறியாளர்கள் இதைத் தெரிந்தே செய்தார்கள். கியர் தடியின் அசைவைக் குறுக்கினார்கள், எடையை முன்னும் பின்னும் சரிபாதியாகப் பகிர்ந்தார்கள், பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் புகைக்குழாய்ச் சத்தத்தைப் பதிவு செய்து கேட்டுக் கேட்டுத் தங்கள் காரின் குரலைத் திருத்தினார்கள். சைலன்சருக்குச் சங்கீதப் பயிற்சி கொடுத்த நிறுவனம் அது.

டொயோட்டா இன்னும் ஒருபடி மேலே, அதாவது கீழே, போனது. 2012-ல் வந்த ஜிடி86-க்கு 200 குதிரைத்திறன் எஞ்சினைக் கொடுத்துவிட்டு, தங்கள் சிக்கன பிரியஸ் காரின் சில வகைகளில் போட்ட அதே மிஷ்லின் டயரை மாட்டியது. பட்டு வேட்டிக்கு ரப்பர் செருப்பு. இதைக் கஞ்சத்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் காரணம் எளியது: அகலமான டயர் சாலையைக் கவ்விப் பிடிக்கும், கவ்விய பிடி நழுவும் எல்லையைத் தொட, பந்தய மைதானமும் ஆயுள் காப்பீடும் வேண்டும். சாதாரண டயர் அந்த எல்லையை ஊருக்குள் இருக்கும் வளைவுக்கே கொண்டுவந்துவிடுகிறது. பின்சீட்டைப் பற்றியும் அவர்களுக்குத் தெளிவு இருந்தது. அதை மடக்கினால் நான்கு டயர்களை ஏற்றலாம் என்பதை ஒரு வசதியாகவே திட்டமிட்டார்கள். அங்கே மனிதர்கள் உட்காரக்கூடும் என்ற பிரமை அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

இதெல்லாம் எட்டாத பழம் புளிக்கும் என்கிற கதை, ஃபெராரி வாங்க வக்கில்லாதவன் பேசும் தத்துவம் என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான சந்தேகம்தான். அதற்குச் சாட்சியாக வக்கு உள்ள ஒருவரையே கூப்பிடுகிறேன். மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்தவர் கார்டன் முரே. அந்தக் கார் 1998-ல் மணிக்கு 386 கிலோமீட்டரைத் தொட்டு உலக சாதனை படைத்தது. அப்படிப்பட்டவர் தன் காரைப் பற்றிச் சொல்லிக்கொண்ட குறைகளில் ஒன்று, அதன் ஸ்டியரிங் லோட்டஸ் இலானின் ஸ்டியரிங் அளவுக்குப் பேசவில்லை என்பது. இலான் 1962-ல் வந்த, ஏறக்குறைய 1.6 லிட்டர் எஞ்சின் கொண்ட, முக்கால் டன்கூட இல்லாத ஃபைபர் கிளாஸ் குருவி. மாஸ்டாக்காரர்கள் முன்மாதிரியாகப் பார்த்ததும் அதைத்தான். மாளிகை கட்டியவர் குடிசையின் திண்ணையைப் புகழும்போது, அதைப் பொறாமை என்று தள்ள முடியாது.

இருபது நிமிஷ ஓட்டத்தில் ஒரு காரைப் பற்றி என்ன தெரிந்துவிடும் என்பது அடுத்த ஆட்சேபம். குடும்பக் காருக்கு இது முழுக்கப் பொருந்தும். மைலேஜ், ஏசி, சர்வீஸ் செலவு எதுவும் இருபது நிமிஷத்தில் பிடிபடாது. இங்கே நாம் தேடுவது ஒரே ஒரு விஷயம், அது இரண்டாவது வளைவிலேயே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் இருபது நாள் ஓட்டினாலும் தெரியாது. இன்னொரு சௌகரியமும் உண்டு. எம்எக்ஸ்-5-ல் இருப்பது இரண்டே சீட். ஒன்றில் நீங்கள், மற்றொன்றில் விற்பனையாளர். கார் பார்க்க நம்மவர்கள் போகும்போது கூடவே வரும் மனைவி, மச்சான், வண்டியைப் பற்றி எல்லாம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் ஆகிய மூவரும் ஷோரூம் சோபாவில் குளிர்பானத்தோடு நின்றுவிடுவார்கள். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்கள் யாரும் ஏற முடியாத காரை வேறு எப்படிப் பாரபட்சமில்லாமல் சோதிப்பது? திரும்பி வந்ததும் அவர்கள் கேட்பார்கள்: டிக்கி எவ்வளவு பெரிது? 130 லிட்டர். மழை வந்தால்? கூரையை மூடலாம். இறங்கும்போது இடுப்பு? இதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை; தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்குக் கொஞ்சம் சலுகை கிடைக்கலாம்.

விலை குறைவு என்ற சொல் கடல் தாண்டி வராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 2006 முதல் சின்னக் காருக்கு ஒரு வரையறை இருக்கிறது: நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள். இப்போதைய எம்எக்ஸ்-5-ன் நீளம் 3,915 மில்லிமீட்டர். அளவுகோலைப் பிடிக்கும் அதிகாரி புன்னகைப்பார். எஞ்சின் 1,500 சிசி, புன்னகை மறைந்துவிடும். சின்னக் காருக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, மற்ற பெட்ரோல் கார்களுக்கு 40. இறக்குமதி வரி தனி. டீசலாக இருந்தால் 1,500 வரை மன்னிப்பு உண்டு, ஆனால் டீசலில் ஸ்போர்ட்ஸ் கார் கேட்பது பாவம். மாஸ்டாவும் இங்கே கடை போடவில்லை. ஆகவே மேற்படி தேர்வை நடத்த விரும்புகிறவர் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு ஜப்பான் போவது உத்தமம். அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஹகோனே பக்கம் இந்தக் கார் வாடகைக்கும் கிடைக்கிறது. விமானக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், இறக்குமதி வரியைவிடக் குறைவு.