ஐந்தாம் வகுப்பைக் காணவில்லை

ஒரு படத்தில் வடிவேலு காவல் நிலையத்துக்குப் போய், தன் கிணற்றைக் காணோம் என்று புகார் கொடுப்பார். கையில் ரசீது இருக்கும். கிணறு இருக்காது. விழுந்து விழுந்து சிரித்தோம். இன்று தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பெற்றோரிடம் அப்படி ஒரு ரசீது இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு தேர்ச்சி என்று எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தியிருக்கிறது. ஐந்தாம் வகுப்பைத்தான் காணோம்.

2020 மார்ச்சில் நான்காம் வகுப்பில் இருந்த பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியை மூடினார்கள். மூடியதைக் குறை சொல்லவில்லை, நோய் அப்படி. பிள்ளை ஐந்துக்குப் போய்விட்டதாக அறிவித்தார்கள். ஒரு வருஷம் ஓடியது. ஆறுக்குப் போய்விட்டதாக அறிவித்தார்கள். 2021 நவம்பர் 1 அன்று கதவு திறந்தபோது பிள்ளை போய் உட்கார்ந்தது ஆறாம் வகுப்பில். பழைய பள்ளி தெருக்கோடியில் இருந்தது. புதிய பள்ளி பலருக்கு அடுத்த ஊரில். எல்லாப் பாடத்தையும் ஒரே டீச்சர் நடத்திய இடத்திலிருந்து, மணி அடித்தால் கணக்கு சார் போய் அறிவியல் டீச்சர் வருகிற இடம். சாதாரண வருஷத்திலேயே பிள்ளைகள் மிரண்டு நிற்கிற வாசல் அது. இந்தப் பிள்ளை நான்காம் வகுப்பிலிருந்து நேராக அங்கே குதித்தது. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேரவேண்டிய குழந்தையின் கதை இதைவிட அழகு. அது முதன்முதலில் வகுப்பறையைப் பார்த்தபோது இரண்டாம் வகுப்பு மாணவி. 'அ' போடும் முன்பே சீனியர்.

இதற்குப் பெயர் 'ஆல் பாஸ்'. 2020 மார்ச் 25 அன்று அறிவித்தார்கள். ஒன்று முதல் ஒன்பது வரை எல்லோரும் தேர்ச்சி. ஆஹா, என்ன கருணை! தொடக்க வகுப்புப் பிள்ளையை ஃபெயில் ஆக்கக் கூடாது என்கிற கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலிலேயே அமலுக்கு வந்துவிட்டது. 2019-இல் மத்திய அரசு அதைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் மட்டும் தேர்வு வைத்து நிறுத்தலாம் என்று ஓட்டை போட்டது. அந்த ஓட்டைக்குள் ஓடிப்போய்த் தலையை நீட்டியது நம் மாநிலம். 2019 செப்டம்பரில் ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று ஆணை. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு! ஊரே திட்டியதும் 2020 பிப்ரவரி 4 அன்று ரத்து. அடுத்த மாதமே ஆல் பாஸ். செப்டம்பரில் வடிகட்ட நினைத்த பிள்ளையை மார்ச்சில் கண்ணை மூடிக்கொண்டு மேலே தள்ளினார்கள். இரண்டு தடவையும் கல்வித் தரம் உயர்ந்தது. அறிக்கையில்.

கல்வி ஆபத்தானது என்று முடிவு செய்தவர்கள், எது ஆபத்தில்லாதது என்றும் முடிவு செய்தார்கள். 2020 மே 7 அன்று டாஸ்மாக் திறந்தது, சென்னை நீங்கலாக. மறுநாள் உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. மாநில அரசு உச்சநீதிமன்றத்துக்கு ஓடியது. தடை வாங்கி, மே 16 அன்று மறுபடி திறந்தது. ஒரு வாரத்தில் டெல்லி போய் வந்த வேகத்தைப் பாருங்கள். தொடக்கப்பள்ளியைத் திறக்க அந்த வேகம் வரவில்லை. கட்டம் போட்டு, கம்பு கட்டி, டோக்கன் கொடுத்து, போலீஸ் நிறுத்தி இடைவெளி விட்டுக் குடிமகன்களை நிற்கவைக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, இருபது பிள்ளைகளை மரத்தடியில் தள்ளித் தள்ளி உட்காரவைக்கத் தெரியவில்லை.

ஆட்சி மாறினால் எல்லாம் மாறும் என்றார்கள். மாறியது. 2021 ஜூன் 14 அன்று 27 மாவட்டங்களில் டாஸ்மாக் திறந்தது. தொடக்கப்பள்ளிக்கு நவம்பர் ஆனது. கொள்கை உறுதி என்றால் இதுதான்.

நடுவில் சினிமா. 2020 நவம்பர் 10 அன்று பாதி இருக்கைகளோடு தியேட்டர்கள் திறந்தன. பாதி போதவில்லை. 2021 பொங்கலுக்கு முழு அரங்கையும் நிரப்பிக்கொள்ளலாம் என்று ஜனவரி 4 அன்று ஆணை போட்டார்கள். மத்திய அரசு கண்ணை உருட்டியதும் நாலே நாளில் பின்வாங்கினார்கள். அந்தப் பொங்கலுக்கு வந்த 'மாஸ்டர்' படத்தில் விஜய் வாத்தியாராக நடித்திருந்தார். நடித்த வாத்தியாரைப் பார்க்க ஊர் கூடலாம். சம்பளம் வாங்கும் வாத்தியாரைப் பார்த்தால் கிருமி தொற்றும்.

பிறகு தேர்தல். இடையில் திறந்திருந்த ஒன்பது முதல் பதினொன்று வரைக்கும் மார்ச் 22 முதல் மறுபடி விடுமுறை விட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு எப்போதும்போல மூடியே கிடந்தது. ஏப்ரல் 6 அன்று அதே பள்ளியைக் கூட்டிப் பெருக்கி வாக்குச்சாவடி ஆக்கினார்கள். எட்டு வயதுப் பிள்ளை வந்தால் பரவும் நோய், எண்பது வயதுப் பாட்டி வந்தால் பரவாது. ஒரு கைக்கு மட்டும் உறை கொடுத்தார்களே, அந்த மகிமையாக இருக்கலாம். நவம்பரில் பிள்ளைகள் திரும்பி வந்தபோது வகுப்பறைச் சுவரில் இருந்தது வாக்குச்சாவடியின் பாகம் எண். சொல்லப்போனால், அந்த இருபது மாதத்தில் அந்த அறையில் கரும்பலகையைவிட அதிகம் பயன்பட்டது அந்தச் சுவர்தான்.

மாற்றுச் சான்றிதழைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? டி.சி. என்றால்தான் நமக்குப் புரியும். பள்ளியை மூடலாம், டி.சி.யை மூட முடியாது. ஐந்து முடித்த பிள்ளை ஆறில் சேர அது வேண்டும். மேல்வகுப்புக்கு உயர்வு பெறத் தகுதி உடையவரா? ஆம். நடத்தையும் பண்பும்? நன்று. ஒரு வருஷமாக அந்தப் பிள்ளையை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. நடத்தை நன்று! இருக்காதா பின்னே? வராத பிள்ளை எப்படிச் சேட்டை செய்யும்?

தனியார் பள்ளியில் படித்த பிள்ளையின் பாடு வேறு. அப்பாவுக்கு வேலை போனது, ஃபீஸ் நின்றது, ஆன்லைன் வகுப்பில் பெயரை எடுத்தார்கள். அரசுப் பள்ளிக்குப் போகிறோம் என்றால், பாக்கியைக் கட்டு, டி.சி. தருகிறேன் என்றார்கள். டி.சி. தாமதமானாலும் பிள்ளையைச் சேர்த்தே ஆக வேண்டும், தாமதிக்கிற தலைமையாசிரியர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. அப்பா வாசலில் நின்றார்.

சும்மா சொல்லக் கூடாது, உதவியும் செய்தார்கள். கல்வித் தொலைக்காட்சி ஓடியது. அதில் டீச்சர் கேள்வி கேட்பார், நாலு விநாடி காத்திருப்பார், 'சரியாகச் சொன்னீர்கள்' என்பார். வீட்டில் கரண்ட் இருக்காது. வாட்ஸ்அப்பில் பாடம் வந்தது. போன் அப்பாவோடு வேலைக்குப் போயிருந்தது. பள்ளி திறந்ததும் 'புத்தாக்கப் பயிற்சிக் கட்டகம்' வந்தது. விட்டுப்போன வகுப்புகளைப் பி.டி.எஃப். ஆக்கிச் சுருட்டிக் கொடுப்பதற்கு அந்தப் பெயர்.

'இல்லம் தேடிக் கல்வி' திட்டமும் வந்தது. இந்தக் கதையில் உருப்படியாகப் பிள்ளைகளோடு உட்கார்ந்தவர்கள் அந்தத் தன்னார்வலர்கள். பெரும்பாலும் பெண்கள். பிளஸ் டூ, டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தவர்கள். சாயங்காலம் திண்ணையில் பிள்ளைகளைக் கூட்டி எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். அரசாங்கம் தொலைத்ததைத் தேடிக் கொடுத்ததற்கு அரசாங்கம் கொடுத்த ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். நாளுக்கு 33 ரூபாய் சொச்சம். விளம்பரப் பலகையில் சிரிக்கிற முகத்துக்கு வாடகை இதைவிட அதிகம்.

திறந்த பன்னிரண்டாம் நாள், நவம்பர் 12 அன்று, நாடு முழுவதும் தேசிய அடைவுத் தேர்வு. மூன்று, ஐந்து, எட்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று அளந்தார்கள். நடுவில் தீபாவளி, அதன் தலையில் வடகிழக்கு மழை. தண்ணீர் விடாத செடி எத்தனை அங்குலம் வளர்ந்தது என்று ஸ்கேலோடு வந்து குனிந்தார்கள். அடுத்த ஆண்டு, கிராமப் பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் 'அசர்' ஆய்வும் வந்தது. தமிழக கிராமங்களில் மூன்றாம் வகுப்பில் நூறு பிள்ளைகளுக்கு ஐந்து பேர்கூட இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கவில்லை. 2018-இல் அது பத்து. ஆக, கொரோனா வருவதற்கு முன்பே தொண்ணூறு பிள்ளைகளைத் தொலைத்திருந்தோம். கொரோனா மீது பழி போடவும் ஓர் அளவு இருக்கிறது.

அந்த நான்காம் வகுப்புப் பிள்ளை பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு உட்காரவேண்டிய ஆண்டு 2026. சட்டமன்றத் தேர்தலுக்கும் அதே ஆண்டு. இரண்டும் அதே பள்ளிக்கூடங்களில். தேர்வுக்கு எதுவும் புதிதாக வராது. தேர்தலுக்கு ஆட்கள் வருவார்கள். சாய்தளத்தைப் பூசுவார்கள், பல்பு மாட்டுவார்கள், கழிப்பறைப் பூட்டைத் திறப்பார்கள், சுவரில் மங்கிப்போன பாகம் எண்ணைப் புதிதாக எழுதுவார்கள். குழாயில் தண்ணீர்கூட வரும். ஒரு நாளைக்கு.