மொட்டை மாடியில் ஐந்து நிமிடம்: ஓர் ஆய்வு

பெண் பார்க்கும் படலத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் பஜ்ஜி, சொஜ்ஜியோடு நின்றுவிட்டார்கள். தட்டு காலியானதும், "ரெண்டு பேரும் தனியாப் பேசிட்டு வரட்டுமே" என்று கூடத்தில் ஒரு குரல் எழும். அது யார் குரல் என்று எவரும் ஆராயவில்லை. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு ஆகிய வட்டாரங்களை எல்லையாகக் கொண்டு இவ்வாய்வு அக்குறையைத் தீர்க்க முனைகிறது.

அப்படிச் சொல்பவர் பெண்ணின் அப்பா அல்ல. மாப்பிள்ளையின் அப்பாவும் அல்ல. ஒரு சித்தப்பாவோ, பம்பாயில் வேலை பார்த்து ரிட்டயரான மாமாவோதான். சம்பந்தம் கூடினால் பெருமை ஜாதகத்துக்குப் போகும், முறிந்தால், "இவர்தானே மாடிக்கு அனுப்பினார்!" என்று பழி மாமா தலையில் விழும். இவ்வளவு ஆபத்தான வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்பவர் வேறு யார்?

மாமா இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மயிலாப்பூரிலேயே சான்று உண்டு. சிவநேசர் தம் மகள் பூம்பாவையைச் சம்பந்தருக்கென்றே மனத்துள் நிச்சயித்திருந்தார். பாம்பு தீண்டி இறந்த அவளைச் சம்பந்தர் பதிகம் பாடி எழுப்பினார். கையோடு சிவநேசர் சம்பந்தம் பேச, உயிர் கொடுத்ததால் இவள் எனக்கு மகள் முறை என்று சம்பந்தர் மறுத்துவிட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. பெண்ணின் அப்பாவே நேரில் பேசியதுதான் கோளாறு என்பது என் துணிபு. சைவப் பெரியோர் பொறுத்தருள்க.

திரைச் சான்றுகளுக்கு வருவோம். 'மௌன ராகம்' (1986) படத்தில் பெண் வேண்டுமென்றே தாமதமாக வீடு திரும்புகிறாள். பையன் போகாமல் காத்திருக்கிறான். தனியாகப் பேசும்போது தன் குறைகளையெல்லாம் அவள் அடுக்க, அவனுக்கு அவளைப் பிடித்தேபோகிறது. வி. பிரியாவின் 'கண்ட நாள் முதல்' (2005) படத்திலோ நண்பனுக்காகத் துணைக்குப் போனவன்தான் கடைசியில் மாப்பிள்ளை. துணைக்குப் போன நடிகர் பிரசன்னா, ஆர். எஸ். பிரசன்னா இயக்கிய 'கல்யாண சமையல் சாதம்' (2013) படத்தில் தானே மாப்பிள்ளையாகப் பதவி உயர்வு பெற்றார். இடைப்பட்ட எட்டு ஆண்டுகள் பயிற்சிக் காலம் போலும்.

நம் ஆய்வுக்கு இந்தச் சின்னப் படமே முதன்மைச் சான்று. பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம். காதல் அதற்குள்ளேயே முளைக்கிறது. வில்லன் கிடையாது. மாப்பிள்ளைக்கு வரும் அந்தரங்கச் சிக்கல் ஒன்றுதான் முட்டுக்கட்டை. அதை ஜாதகக் கட்டத்தில் பார்க்க முடியாது, மணப்பெண்ணிடம்தான் சொல்லியாக வேண்டும். இதே இயக்குநர் இதை இந்தியிலும் எடுத்தார், 2017இல்.

படத்துக்குப் பெயர் தந்தது 1957இல் வந்த 'மாயா பஜார்' பாட்டு. அதில் கடோத்கசன் மணப்பெண் வத்சலாவாக உருமாறி, வேண்டாத கல்யாணத்தைக் குலைத்து, அவளை அபிமன்யுவுக்கு முடித்து வைக்கிறான். அபிமன்யுவுக்கு அவன் பெரியப்பா பிள்ளை என்பதைக் கவனிக்கவும்: அப்பா அல்ல, பக்கத்துக் கிளை! கல்யாணச் சாப்பாட்டைக் கல்யாணத்துக்கு முன்பே காலி செய்தவனும் அவனே. மாமாக்களின் ஆதிபுருஷன் வேறு யாராக இருக்க முடியும்?

இனி இடம். தனி வீட்டு மாடியில் வடாம் காயும்; காக்காய் விரட்டப் பாட்டி இருப்பாள், காது கேட்காதவள்போல. "வர்ற வழியில டிராஃபிக்கா?" என்பாள் பெண். "பனகல் பார்க் கிட்ட கொஞ்சம்" என்பான் பையன். பிறகு இருவரும் வடாமைப் பார்ப்பார்கள். மாடிக்குப் பதில் கபாலீசுவரர் கோயில் புன்னை மரத்தடியில் தற்செயலாகச் சந்திப்பதும் உண்டு. இரு தரப்பும் தற்செயலாகவே பட்டு உடுத்தி வந்திருக்கும்.

வீடுகள் ஃபிளாட்டான பிறகு மாடிக் கதவுக்குப் பூட்டு வந்துவிட்டது. சாவி அசோசியேஷன் செக்ரட்டரியிடம் இருக்கும். எதற்கு என்று கேட்பார். விஷயத்தைச் சொன்னால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, "அதுக்குள்ள ஏன் சார் அவசரப்படறீங்க? எங்க அண்ணா பையன் ஒருத்தன் டல்லாஸ்ல இருக்கான். ஜாதகம் அனுப்பட்டுமா?" என்பார்.