துட்டுக்கு எட்டுக் கொட்டைப்பாக்கு

“வட்டுக்கோட்டைக்கு வழி எது?” என்று கேட்டால் “துட்டுக்கு எட்டுக் கொட்டைப்பாக்கு” என்று மறுமொழி சொல்வது எங்கள் ஊர்ப் பழமொழி. 1823இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கிய டானியல் பூவர் பாதிரியாரின் காதில் யாராவது இதை முன்கூட்டியே போட்டிருக்கலாம். அமெரிக்க மிஷன் சங்கத்துக்கு முப்பது வருசக் காசு மிஞ்சியிருக்கும். அவர் பரலோகத்துக்கு ஆள் சேர்க்க வந்தார். சனமோ பிள்ளையைக் கச்சேரியில் கிளாக்கர் ஆக்க வழி கேட்டது.

செமினரி திறக்க முன்னமே, மிஷன் விடுதியில் வந்து தங்கிய முதல் பெடியள் தங்கள் திறமையைக் காட்டிவிட்டார்கள். துரைமாரின் வளவுக்குள் சோறு தின்றால் சாதி போய்விடும். ஆகவே பக்கத்துச் சைவக்காரரின் காணியில் குசினி போடப்பட்டது. ஆங்கில அரிச்சுவடியை வேலிக்கு இந்தப் பக்கம் படிக்கலாம், கத்தரிக்காய்க் குழம்பை அந்தப் பக்கம்தான் தின்னலாம்.

அடுத்த சிக்கல் கிணறு. வெள்ளைக்காரர் அள்ளிய தண்ணீர் தீட்டு. முழுவதையும் இறைத்துவிட்டால் தீட்டுப் போய்விடும் என்று தீர்மானித்து இறைக்கத் தொடங்கினார்கள். அதுவோ மாரி காலம். சுண்ணாம்புக்கல் பூமியில் மாரிக் கிணற்றை இறைத்து முடித்தவன் எவன்? இறைக்க இறைக்க ஊறியது. கை சோர்ந்த இடத்தில் மூளை வேலை செய்தது: தொடக்கத்தில் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருந்ததோ அவ்வளவையும் எப்படியும் இறைத்தாயிற்று. ஆகவே இப்போது கிடப்பது புதுத் தண்ணீர், குடிக்கலாம்! இதை எழுதிவைத்தவர்கள் மிஷனரிமார்தான். இந்தப் பெடியளுக்குத் தர்க்க சாஸ்திரம் படிப்பிக்க அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்ததை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் ஊர்க் கிணறுகளில் கை வைக்கவே விடப்படாத சனத்துக்கு மட்டும் இந்தக் கணித நுட்பம் எதுவும் உதவவில்லை.

பிறகு பெயர் சூட்டு விழா. அமெரிக்காவில் காசு கொடுத்த புண்ணியவானின் பெயரை, அல்லது அவர் சொல்லும் பெயரை, இங்கே ஒரு பெடியனுக்கு வைத்துவிடுவார்கள். 1841இல் வெளிவந்த ‘உதயதாரகை’ பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும். பெயரைக் கேட்டால் பாஸ்டனில் பிறந்தவர்கள் போலத் தோன்றும். இருவரும் செமினரியில் படித்த அசல் யாழ்ப்பாணத்தார்.

செமினரியின் பேர்போன கூத்து 1829 மார்ச்சில் நடந்த சந்திர கிரகணம். அராலியில் விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கம் கணித்து வந்தார். அவர் குறித்த நேரத்தைப் பூவர் தம் கணக்கோடு ஒப்பிட்டு, “பிழை” என்று ஊரறியச் சொல்லிவிட்டார். கிரகணம் தொடங்கும் நேரத்திலேயே கால் மணித்தியால வித்தியாசமாம். அன்றிரவு ஊரே அண்ணாந்தது. ஒரு பக்கம் சாஸ்திரியாரின் மானம், மறுபக்கம் கோப்பர்நிக்கஸின் மானம், நடுவில் எதுவும் அறியாத நிலவு. துரை சொன்ன நேரத்துக்கே நிழல் விழுந்தது என்கின்றன மிஷன் குறிப்புகள். சாஸ்திரியார் வீட்டுக் குறிப்பு நம் கைக்கு வரவில்லை என்பதையும் நீதிக்காகச் சொல்லிவைக்க வேண்டும். சந்திரனே சாட்சி சொன்ன பிறகு ஊர் மதம் மாறிவிடும் என்று துரைமார் நம்பியிருப்பார்கள். ஊர் கிரகணம் பார்த்தது, தலை முழுகியது, வீட்டுக்குப் போய்ப் படுத்தது. அடுத்த நல்ல காரியத்துக்குப் பஞ்சாங்கத்தையே புரட்டியது. இன்றைக்கும் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் வருசப் பிறப்புக்கு வேறு வேறு நேரம் குறிக்க, நாம் இரண்டையும் வைத்துக்கொண்டு வசதியான நேரத்தில் கைவிசேஷம் வாங்குகிறோம். பூவர் இருந்திருந்தால் தம் ஊருக்கே திரும்பியிருப்பார்.

படிப்பில் மட்டும் குறை சொல்ல முடியாது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனண்ட், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க இடம் இது என்று 1850இல் எழுதினார். செமினரி கெட்டதும் அதனால்தான். இவ்வளவு ஆங்கிலம் படித்தவன் ஓலைக் கொட்டிலில் நின்று பிரசங்கம் செய்வானா, கந்தோரில் கதிரை போட்டு இருப்பானா? ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் அமெரிக்காவிலிருந்து ஒரு குழு வந்து கணக்குப் பார்த்தது. போதகர்கள் கொஞ்சம், உத்தியோகத்தர்கள் கணக்கில்லை. 1855இல் கதவை இழுத்து மூடினார்கள்.

மூடிய கையோடு மானத்தை வாங்கினார்கள் பழைய மாணவர்கள். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கி முதன்முதல் பி.ஏ. சோதினை வைத்தபோது தேறியவர்கள் இரண்டே பேர்: கரோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. இரண்டு பேருமே வட்டுக்கோட்டைச் சரக்கு. தோற்றுப்போனது என்று மூடிய பள்ளிக்கூடத்துக்கு நூற்றுக்கு நூறு! விடுவார்களா ஊரவர்கள்? கெஞ்சி, வாதாடி, பணமும் திரட்டி, 1872இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரியைத் திறப்பித்தார்கள்.

சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளை அதோடு நிற்கவில்லை. மிஷன் சோற்றில் வளர்ந்தவர் சைவத்துக்குத் திரும்பினார். தொல்காப்பியச் சேனாவரையம், வீரசோழியம், கலித்தொகை என்று செல்லரித்த ஏடுகளைத் தேடிப் பிடித்து அச்சேற்றினார். பைபிளைக் கொண்டுவந்து தொல்காப்பியத்தை விளைவித்த பண்ணை உலகத்தில் வேறெங்கும் உண்டா என்று கேட்டால், யாழ்ப்பாணப் பட்டினத்தில் மெதடிஸ்தரின் பள்ளிக்கூடத்தைக் காட்டலாம். அங்கே பேர்சிவல் பாதிரியாருக்குப் பைபிள் மொழிபெயர்ப்பில் கைகொடுத்த இளைஞர்தான் பின்னாளில் சைவம் காக்க எழுந்த ஆறுமுக நாவலர் ஆனார்.

ஆனால் மிஷனுக்கும் ஒரு நாள் வந்தது. தாமோதரம்பிள்ளையின் மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரில் போதகரும் ஆனார். ஒரு தலைமுறை பிந்தியாவது போட்ட காசு திரும்பியது என்று யாராவது பெருமூச்சு விட்டிருப்பார்கள். அந்தப் போதகர் பிலிப்ஸ் என்ற வெள்ளைக்காரரையும் சேர்த்துக்கொண்டு 1921இல் ஒரு ஆங்கிலப் புத்தகம் போட்டார். உள்ளே இருந்தவை தேவாரமும் திருவாசகமும்.