ஒடிசா 4, பீகார் 4

பெறுநர்: வாடகை அதிகாரி அவர்கள், திருவள்ளூர் மாவட்டம்.

பொருள்: வாடகைதாரர் பெயர் கேட்டு அடியேனைச் சங்கடப்படுத்தாதிருக்க வேண்டுதல்.

ஐயா,

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் சிமெண்ட் ஷீட் போட்ட பத்து அறை லைன் வீடு என்னுடையது. ரிட்டயர்மென்ட் பணத்தோடு வங்கிக் கடனும் சேர்த்துக் கட்டினேன். வாடகைச் சட்டம் 2017-இல் பிறந்து 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது என்று என் மகன் போன வாரம்தான் சொன்னான். ஒப்பந்தத்தை எழுத வேண்டுமாம், தங்களிடம் பதிய வேண்டுமாம். செய்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். படிவத்தில் ‘வாடகைதாரர் பெயர்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

என் வாடகை நோட்டில் பெயர் கிடையாது, தலைக்கணக்குதான். ஆறாம் நம்பர் அறை: ‘ஒடிசா 4, பீகார் 4’. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேரா என்று பதற வேண்டாம். ரோலிங் மில்லில் நாலு பேர் பகல் ஷிப்ட், நாலு பேர் நைட். இவன் எழுந்து போக அவன் வந்து படுப்பான். அந்தப் பாய் சூடு ஆறி நான் பார்த்ததே இல்லை. அறை காலியாகக் கிடந்தால் என்ன செய்வது என்று முதலீட்டு ஆலோசகர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி ஒருநாள் இங்கே வந்து பார்க்கலாம்.

வாடகை தருவது காண்டிராக்டர். பையன்கள் கூலியில் எவ்வளவு பிடிக்கிறார் என்று நான் கேட்பதில்லை. எனக்கு எவ்வளவு தருகிறார் என்று அவர்களிடம் அவர் சொல்வதில்லை. வெளிமாநிலத் தொழிலாளருக்குத் தங்க இடம் தருவது காண்டிராக்டர் பொறுப்பு என்று 1979-ஆம் வருடச் சட்டமே சொன்னது. இடம் தந்துவிட்டார், பாருங்கள்.

கரண்ட் விஷயமும் சொல்லிவிடுகிறேன். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. அதையும் சேர்த்தே சப்-மீட்டரில் யூனிட் பத்து ரூபாய் என்று கொடுத்துவிடுகிறேன். கொடுத்த தானம் வீணாகக் கூடாது.

எனக்குக் கஷ்டமே இல்லை என்று நினைக்காதீர்கள். கொரோனா ஊரடங்கில், 2020 மார்ச் 29-ஆம் தேதி, தொழிலாளரிடம் ஒரு மாதம் வாடகை கேட்காதே என்று மத்திய உள்துறை உத்தரவு போட்டது. மே மாதம் அவர்கள் ஊர் திரும்ப ஷ்ராமிக் ரயில் விட்டார்கள். பத்து அறைக்கும் பத்துப் பூட்டு வாங்கினேன். வங்கி தவணையைத் தள்ளிப் போட்டது, வட்டியைத் தள்ளவில்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடக்கத்தியரை அடிக்கிறார்கள் என்று செல்போனில் ஒரு பொய் வீடியோ சுற்றியது. ஹோலிக்குப் போகிறோம் என்று மூட்டை கட்டினார்கள். நான் வாசலை மறித்து நின்று, “டரோ மத் பாய், மை ஹூம்” (பயப்படாதே தம்பி, நான் இருக்கிறேன்) என்றேன். எனக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். அன்றைக்கு என் கண் கலங்கியது உண்மை. மறுநாள் தவணை.

இன்னொரு பயம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க அரசாங்கம் விடுதி கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. ஆளுக்கொரு படுக்கை என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அந்த யோசனை ஜி.என்.டி. ரோடு வழியாக இந்தப் பக்கம் வந்துவிடாமல் தாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இருந்தாலும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நேற்று மதியம் ஆறாம் நம்பர் கதவைத் தட்டினேன். நைட் ஷிப்ட் பையன் ஒருவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். பெயர் கேட்டேன். சொல்லாமல் உள்ளே போய்ப் பாயைச் சுருட்டி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். பெயர் கேட்டால் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று அர்த்தமாம்.

போய்ப் படுடா என்று அனுப்பிவிட்டேன். படிவத்தில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

இப்படிக்கு,
லைன் வீட்டு ஓனர்