கூட்டமே வசனம் எடுத்துக் கொடுத்த காலம்

எழுபதுகளில் போடிநாயக்கனூர்ப் பள்ளி மேடைகளில் தனிநடிப்பு என்றால் கட்டபொம்மன்தான். கொஞ்சம் நிதானமான பையன் என்றால் ‘ராஜா ராணி’ படத்துக்காகக் கலைஞர் எழுதிய சாக்ரடீஸ். 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசனம் கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரிலும் திருவிழாப் பந்தலிலும் ஓயாமல் முழங்கியதால், எழுதியவர் சக்தி கிருஷ்ணசாமி என்பதே தெரியாமல் அவர் எழுதியது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். கரித்துண்டு மீசை, அக்காவின் தாவணியில் தலைப்பாகை, வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை வாள் சகிதம் ஏறியவன் நடுவில் வசனத்தை விட்டுவிட்டால், எதிரே மண்தரையில் உட்கார்ந்திருந்த கூட்டமே ஒரே குரலில் எடுத்துக் கொடுக்கும்; அந்த இரைச்சலில் அவனுக்கு வீரம் இரட்டிப்பாகும். முடிந்ததும் தமிழையா எழுந்து, “ளகரம் சுத்தமா வந்துச்சுடா” என்பார். மதிப்பெண்ணும் அதுதான், பரிசும் அதுதான், வருஷம் முழுக்கச் சொல்லித் திரிய அது போதும்.

அந்த மேடைகளில் பெண் குழந்தைகளைப் பார்த்த நினைவே இல்லை. இன்று அரசுப் பள்ளிப் பெண் பிள்ளைகளும் கலைத் திருவிழாவில் மாநில அளவு வரை போய் வருகிறார்கள். அதைப் பார்க்க மனசு நிறைகிறது.

சமீபத்தில் ஒரு பள்ளிப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். உச்சரிப்பு, முகபாவனை, உடல்மொழி என்று கட்டம் போட்ட தாள் கையில். ஒரு சிறுமி தன் பாட்டியாக வந்தாள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பாட்டி. எங்களுக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்தாள். செடியின் தூரில் தரையோடு கிடக்கும் சரத்தை விலக்கி, முற்றிய காயை மட்டும் விரல் நுனியால் எடுத்து, பிஞ்சை அப்படியே விட்டாள். அந்த இடத்தில் பேச்சே இல்லை. மொத்தமும் அவளே எழுதியது என்பதால் அடுத்தது என்ன என்று யாருக்கும் தெரியாது. எடுத்துக் கொடுக்கவும் ஆளில்லை, எல்லார் கையிலும் செல்போன் உயர்ந்து நின்றது.

அந்த மௌனத்தை எந்தக் கட்டத்தில் போடுவது? போடியில் ஏலக்காய் ஏலமே கம்ப்யூட்டர் திரைக்குப் போய்விட்டது, ஆனாலும் வியாபாரி மாதிரிக் காயைக் கையில் வாங்கி உருட்டி, முகர்ந்து பார்த்துத்தான் விலை சொல்கிறார். நடிப்புக்கும் அந்த மரியாதை வேண்டும் என்று நினைக்கிறேன்.

இறங்கியதும் அவளைக் கூப்பிட்டேன். “முதுகு காட்டினா மார்க் போயிரும்னாங்க சார்” என்றாள்.

“அந்த இடத்தை மாத்திராத தாயி. ஆனா ஜீப்புக்காரரைக் கூப்பிடுற சத்தம் கடைசி வரிசைக்கு வரல. தொண்டையில கத்தாம, அடிவயித்துல இருந்து கூப்பிட்டுப் பழகு” என்று சொல்லிவிட்டு, உடல்மொழிக் கட்டத்தில் முழு மதிப்பெண் போட்டேன்.