பன்னிரண்டு கட்டத்து மாஸ்டர்

கீழே ஜெராக்ஸ் கடை, பக்கவாட்டில் இரும்புப் படிக்கட்டு, படியேறும் இடத்தில் 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' போர்டு. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் ஒரு டென்ஸ் மாஸ்டர் இருந்தே தீருவார். எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலும் தேடிப் பாருங்கள்.

எங்கள் பேட்டை மாஸ்டருக்குச் சட்டைப் பையில் இரண்டு பேனா, புருவம் வரை சாக்பீஸ் தூள். மேஜையில் பிரவுன் அட்டை போட்ட ரென் அண்ட் மார்ட்டின். அந்த ரென்தான் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலையும் எழுதியவர் என்றால் நம்பமாட்டார். இலக்கணம் எழுதியவருக்குக் கதைவிட நேரம் ஏது?

முதல் நாளே போர்டில் பன்னிரண்டு கட்டம் விழும். மேலிருந்து கீழாக மூன்று காலம். குறுக்கே சிம்பிள், கன்டினியூவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ். எல்லாக் கட்டத்துக்கும் ஒரே வினைச்சொல், ஈட். "ஐ ஈட்"டில் உட்காரும் பந்தி "ஐ ஷேல் ஹேவ் பீன் ஈட்டிங்"கில்தான் இலை மடிக்கும். அந்தக் கடைசிக் கட்டத்தைச் சொல்ல இங்கே யாருக்கும் வாழ்நாளில் ஒருமுறை வாய்த்தால் அதிகம். அதற்காகக் கட்டத்தைக் காலியாக விட முடியுமா?

"ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்" என்று எவனாவது வாய்திறந்தால் தீர்ந்தது. "ரெண்டு பேரையும் சாப்பிட்டுட்டிருக்கியாடா?" என்பார். இருப்பதைச் சொல்ல ஹேவ் போதும், ஹேவிங் எல்லாம் டிபனுக்குத்தான். "ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே" என்றாலும் முகம் சுருங்கிவிடும். நேற்று என்று நாளைச் சொன்ன பிறகு ஹேவுக்கு அங்கே என்ன வேலை? 'போன வருஷம்கூடப் பார்த்திருக்கேனே' என்று கூசாமல் சொல்லிப் பழகிய தமிழ் வாய்க்கு இது லேசில் வருமா, பாவம்.

ஆனால் மாஸ்டருக்கு உயிர், பாஸ்ட் பெர்ஃபெக்ட்தான். டாக்டர் வருவதற்கு முன்பே நோயாளி இறந்துவிட்டான்: ஹேட் டைட், கேம். தலைமுறை தலைமுறையாக அந்த டாக்டர் ஒருநாள்கூட நேரத்துக்கு வந்ததில்லை. அடுத்த வாக்கியத்தில், ஸ்டேஷனை எட்டுவதற்குள் ரயில் கிளம்பியிருக்கும்.

"ஒரு தடவையாவது அந்த ஆள் பொழைக்கக் கூடாதா சார்?" என்றான் பின் பெஞ்சுப் பையன்.

"அவன் பொழைச்சுட்டா ஹேடை எங்கேடா வைக்கிறது? உட்காரு."

இவ்வளவு கறாரான மனிதர் காலையில் வகுப்புக்கு வருவதைப் பார்க்க வேண்டும். பூட்டிய கதவின் முன் நின்று பிள்ளைகள் போன் போட்டால், "வந்துட்டேன்பா, வந்துட்டேன்" என்பார். பின்னால் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். இதில் தப்பு சொல்லவும் வழியில்லை. விரைவு தோன்ற, வரப்போவதை வந்ததாகவே சொல்லலாம் என்று தொல்காப்பியமே இடம் கொடுத்திருக்கிறது. அதையே ஆங்கிலத்தில் எழுதினால் மாஸ்டரே சிவப்பு மையால் சுழிப்பார்.

போன மாதம், மொழியியல் படிக்கும் பழைய மாணவன் ஒருவன் பார்க்க வந்தான். "சார், வினைச்சொல் உருவத்தை வெச்சுப் பார்த்தா இங்கிலீஷ்ல ரெண்டே டென்ஸ்தான். ப்ரெசென்ட், பாஸ்ட். வில், ஷேல் எல்லாம் துணைவினை" என்றான்.

மாஸ்டர் போர்டைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். அவனைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"மெதுவாப் பேசுடா. பன்னெண்டுக்கும் சேர்த்து மூணு மாச ஃபீஸ் வாங்கியிருக்கேன்."